எழுபதுகளின் பாப் பாடல்களில் என் பத்து: அழிக்கப்படாமல் தப்பியவை

பத்துப் பாடல்கள் மட்டுமே என்று தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் தாளில் 63 தலைப்புகள் இருந்தன. அவற்றை இருபதாகக் குறைக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இருபதைப் பத்தாக்க மூன்று வாரங்கள் பிடித்தன. வேலையை எளிதாக்கிக்கொள்ளச் சில விதிகளை வகுத்தேன். பாடல் 1970 ஜனவரிக்கும் 1979 டிசம்பருக்கும் இடையில் தனி இசைத்தட்டாக வெளிவந்திருக்க வேண்டும். ஒரு கலைஞருக்கோ குழுவுக்கோ ஓர் இடம்தான். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பொதுவான பாப் தரவரிசையில் அது ஏறியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி, "அது சோல் ஆயிற்றே, இது டிஸ்கோ ஆயிற்றே" என்று யாரேனும் கொண்டுவரக்கூடிய வழக்கை முன்கூட்டியே தள்ளுபடி செய்வதற்காக.

அந்தப் பத்தாண்டு முடிந்த பிறகு பிறந்தவன் நான். ஆகவே இது என் இளமைக்கால ஏக்கத்தின் பட்டியல் அன்று. என் அண்ணன் வானொலியிலிருந்தும் நண்பர்களின் இசைத்தட்டுகளிலிருந்தும் பதிந்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் வழியாகவே இவற்றில் பெரும்பாலானவை என்னிடம் வந்து சேர்ந்தன. தலைப்புகள் பாதி தவறாகவும், சில பாடல்கள் நாடா தீர்ந்துபோனதால் நடுவிலேயே அறுந்தும் வந்தன. இறுதிப் பத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தபோதுதான் என் ரசனையைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று புலப்பட்டது. அநேகமாக ஒவ்வொன்றிலும், முறைப்படி பார்த்தால் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே அழிக்கப்பட்டிருக்க வேண்டிய ஏதோ ஒன்று, ஒரு பிழையோ தற்செயலோ நிரப்பப்படாத இடைவெளியோ, அழிக்கப்படாமல் தங்கியிருக்கிறது. நான் மீண்டும் மீண்டும் கேட்பது பாடலை அன்று, அந்த இடத்தைத்தான் என்று தோன்றுகிறது.

விட்டுப்போனவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. குவீன் குழுவின் "பொஹீமியன் ராப்சடி" எங்கே என்று கேட்கப்படும் என்பது தெரியும். 5 நிமிடம் 55 விநாடி ஓடும் அந்தப் பாடல் 1975ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் வரிகளுக்குள் ஒலிக்கும் "மம்மா மியா" என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்ட இன்னொரு பாடல் வந்துதான் அதை அங்கிருந்து இறக்கியது என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆயினும் அந்தப் பாடல் மீது எனக்கு இருப்பது மரியாதை, காதல் இல்லை. உண்மையாகவே வலித்தது டேவிட் போவியின் "லைஃப் ஆன் மார்ஸ்" பாடலை நீக்கியதுதான். அதன் முடிவில், இசை அடங்கிய பிறகு, எங்கோ ஒரு தொலைபேசி மணி அடிப்பது மெல்லக் கேட்கும். அந்த மணிக்காகவே அதைப் பதினொன்றாவது இடத்தில் வைத்திருக்கிறேன். பதினொன்றாவது இடம் என்று ஒன்று கிடையாது என்பது வேறு விஷயம்.

பத்தாவது இடத்தில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் "செப்டம்பர்" (1978). மாரிஸ் ஒயிட், அல் மெக்கே ஆகியோருடன் சேர்ந்து இதை எழுதிய ஆலி வில்லிஸ், பல்லவியில் வரும் "பா-டீ-யா" என்ற பொருளற்ற அசைகளுக்குப் பதிலாக உண்மையான சொற்களைப் போட்டுவிட வேண்டும் என்று ஒயிட்டிடம் மன்றாடியிருக்கிறார். அவர் கடைசிவரை இணங்கவில்லை. மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்களுக்குத் தத்தகாரம் என்றால் என்னவென்று தெரியும்: சொல் வந்து அமரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் வெற்றொலி. இங்கே தத்தகாரமே அரியணையில் அமர்ந்துவிட்டது. அந்த இடத்தில் பொருளுள்ள ஒரு வரி வந்திருந்தால், அதன் மொழி தெரியாதவர்களும் கூடவே பாடும் பாடலாக இது ஆகியிருக்காது.

ஒன்பதாவது, பிளாண்டி குழுவின் "ஹார்ட் ஆஃப் கிளாஸ்". நியூயார்க்கின் பங்க் அரங்குகளிலிருந்து எழுந்து வந்த குழு அது. டெபி ஹாரியும் கிறிஸ் ஸ்டெயினும் எழுதிய இந்தப் பாடலின் ஆரம்ப வடிவம் 1975இலேயே இருந்தது. குழுவினர் அதைத் தமக்குள் "டிஸ்கோ பாட்டு" என்றே குறிப்பிட்டு வந்தார்கள். தயாரிப்பாளர் மைக் சாப்மன் ரோலண்ட் சிஆர்-78 என்ற தாள இயந்திரத்தை அடியில் ஓடவிட்டு, அதன் மேல் கிளெம் பர்க்கின் டிரம்ஸை ஏற்றி, 1979இல் அதை இரு நாடுகளிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். பழைய ரசிகர்கள் இதைத் துரோகம் என்றார்கள். எனக்குப் பிடித்த இடம் இடையிசை: நேராக நடந்துகொண்டிருக்கும் நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஓர் எண்ணிக்கை காணாமற்போய், எட்டு வரவேண்டிய இடத்தில் ஏழு வருகிறது. ஆடுகிறவர்களின் கால் ஒரு கணம் தடுமாற வேண்டும் என்பதற்காகவே வைத்தது போல இருக்கும்; டிஸ்கோ அரங்கில் பழைய பங்க் குழு செய்த குறும்பு என்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாவது இடத்துக்கு ஜெரி ராஃபர்ட்டியின் "பேக்கர் ஸ்ட்ரீட்" (1978). ராஃபர்ட்டி முன்பு இருந்த குழு உடைந்த பிறகு ஒப்பந்தச் சிக்கல்கள் தீரும்வரை அவரால் புதிய இசைத்தட்டு வெளியிட முடியவில்லை. வழக்கறிஞர்களைச் சந்திப்பதற்காக ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து போகும் நாள்களில் ஒரு நண்பரின் வீட்டில் தங்குவார், அந்த வீடு இருந்தது பேக்கர் தெருவை ஒட்டி. பெரிய நகரத்தில் களைத்துப்போன ஒருவன், இன்னும் ஓராண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் பாடல் அது. விந்தை என்னவென்றால், மற்றப் பாடல்களில் பல்லவி வந்து நிற்கும் இடத்தில் இங்கே சொல்லே இல்லை. ராஃபேல் ராவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸபோன்தான் அங்கே பாடுகிறது. அந்த எட்டு அடிகளுக்காகவே பலர் சாக்ஸபோன் கற்கப் போனார்கள் என்பார்கள். வாசித்தவரோ பல ஆண்டுகள் கழித்து அளித்த பேட்டியில், தன் வாசிப்பு சுருதியிலிருந்து சற்றே கீழிறங்கி இருப்பதாகவும், அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதாகவும் சொன்னார். அதைப் படித்த நாளில் நான் பாடலை ஏழெட்டு முறை கேட்டேன். உண்மைதான், இம்மியளவு இறங்கித்தான் இருக்கிறது. அந்த இறக்கம் இல்லாவிட்டால் அது வெற்றி முழக்கமாகியிருக்கும். இப்போது அது வெற்றி பெற்றதாகக் காட்டிக்கொள்ள முயலும் மனிதனின் குரலாக இருக்கிறது.

ஏழாவது, ஃப்ளீட்வுட் மேக் குழுவின் "ட்ரீம்ஸ்" (1977). ஸ்டீவி நிக்ஸ் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தின் பக்கத்து அறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதியது. அநேகமாக முழுப் பாடலும் இரண்டே கார்டுகளுக்கிடையில் (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டொலிகளுக்கிடையில்) ஊஞ்சலாடுகிறது. தன்னைப் பிரிந்துகொண்டிருக்கும் காதலனைப் பற்றி எழுதி, அதே காதலனிடம் கிட்டார் வாசிக்கக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை; கேட்டால் போதும்.

ஆறாவது இடம் ஒரு ஸ்வீடன் நாட்டுக் குழுவுக்கு. நான்கு பேரின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த அதன் பெயரைத் தமிழில் உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதினால் "அப்பா" என்றாகி, வீட்டுப் பெரியவரைப் பாடவைத்தது போலாகிவிடும். ஆகையால் ஆபா என்றே எழுதுகிறேன். (அவர்கள் நாட்டிலோ அதே பெயரில் ஒரு மீன் பதப்படுத்தும் நிறுவனம் இருந்தது.) அவர்களுடைய "டான்சிங் குவீன்" 1976 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஸ்வீடன் அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃபின் திருமணத்துக்கு முந்தைய இரவில், அரச தம்பதியர் முன்னிலையில் அதைப் பாடிவிட்டார்கள். பிரிட்டனில் ஆறு வாரங்கள் முதலிடம். அமெரிக்காவில் அவர்கள் முதலிடத்தைத் தொட்ட ஒரே பாடலும் இதுதான்.

இந்தப் பாடலைக் கொண்டாட்டத்தின் அடையாளமாகவே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது அப்படிக் கேட்பதில்லை. பியானோவில் விரல் ஒரு சறுக்குச் சறுக்கியதும் பாடல் தொடங்குவதில்லை, பல்லவியின் பின்பாதியிலிருந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. விருந்து தொடங்கிய பிறகு வாசலில் வந்து நிற்பவரின் நிலையில்தான் நம்மை அது வைக்கிறது. ஆடுகிறவளுக்கு வயது பதினேழு என்கிறது பாடல். பாட்டு வெளிவந்தபோது பாடிய இருவரில் அக்னெத்தாவுக்கு வயது 26, ஃப்ரீடாவுக்கு 30. "நீ" என்று அவர்கள் அழைப்பது தம் கண்ணெதிரே ஆடும் வேறொருத்தியை. அல்லது, ஒரு காலத்தில் தாமாக இருந்தவளை. குரல் சேர்ப்பதற்கு முன், வெறும் வாத்திய இசையை முதன்முதலாகக் கேட்டபோதே ஃப்ரீடா அழுதுவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சியான பாட்டுக்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்பவர்கள் அந்தப் பல்லவியை ஒருமுறை தனியாக, இரவில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாவதையும் நான்காவதையும் ஒன்றாகச் சொல்வதே நியாயம், ஏனென்றால் 1977இல் வெளிவந்த இந்த இரண்டு பாடல்களும் ஒரே கேள்விக்கு எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்த விடைகள். தாளத்தை வாசிக்க மனிதன் வேண்டுமா என்பதே கேள்வி.

பீ ஜீஸ் சகோதரர்கள் பிரான்சில் ஷாத்தோ தெரூவில் என்ற பழைய மாளிகையில் அமைந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் "ஸ்டேயின் அலைவ்" பாடலைப் பதிவுசெய்ய உட்கார்ந்தபோது, டிரம்ஸ் வாசிக்கும் டென்னிஸ் பிரையன் குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் ஊருக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல், அவர் ஏற்கெனவே வாசித்துப் பதிந்திருந்த "நைட் ஃபீவர்" பாடலிலிருந்து ஒரு சிறு துண்டைப் படியெடுத்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, அந்த வளையத்தை மைக் தாங்கிகளின் மேல் தொங்கவிட்டுச் சுழலச் செய்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் தொடங்கினார்கள். டிரம்ஸ்காரர் திரும்பி வந்ததும் முறையாக வாசிக்க வைக்கலாம் என்ற எண்ணம். வளையத்தின் அசையாத நடை பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார்கள். இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் என்று "பெர்னார்ட் லூப்" என்ற ஒருவரின் பெயரைப் போட்டார்கள். அப்படி ஒருவர் கிடையாது, வளையத்துக்கு வைத்த விளையாட்டுப் பெயர். அவரைத் தம் பதிவுகளுக்கு அழைக்க ஆள்கள் தேடினார்களாம். அதே வளையம் பிறகு பார்பரா ஸ்ட்ரைசாண்டின் ஒரு பாடலுக்கும் அடித்தளமாயிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 அடிகள் என்ற அதன் வேகம், நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை அழுத்த வேண்டிய வேகத்துக்கு (நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை) ஒத்துவருவதால், முதலுதவிப் பயிற்சிகளில் இந்தப் பாடலை மனத்துக்குள் பாடிக்கொள்ளச் சொல்கிறார்கள். உயிரோடிருத்தல் என்று தலைப்பு வைத்த பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பணி அமையாது.

மியூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் நேர்மாறான பக்கத்திலிருந்து வந்தார்கள். டோனா சம்மரின் அந்த ஆண்டு இசைத்தொகுப்பில் ஒவ்வொரு பாடலும் ஒரு காலகட்டத்தின் ஒலியில் அமைய வேண்டும், கடைசிப் பாடல் எதிர்காலத்தின் ஒலியில் அமைய வேண்டும் என்பது திட்டம். அந்தக் கடைசிப் பாடல்தான் "ஐ ஃபீல் லவ்". கிட்டார் இல்லை, தந்தி வாத்தியக் குழு இல்லை. பெரிய அலமாரி போன்ற மோக் சிந்தசைசரிலிருந்து வரும் மின்னொலிகள் மட்டுமே. அந்த இயந்திரமோ சில விநாடிகளுக்கு மேல் சுருதியில் நிற்காது. ஆகையால் சிறு சிறு துண்டுகளாகப் பதிந்து, சுருதி சேர்த்து, மறுபடியும் பதிந்து ஒட்டினார்கள். இத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் அடித்தளமான டிரம் ஒலி மட்டும் அவற்றிலிருந்து திருப்தியாகக் கிடைக்கவில்லை; அதைக் கீத் ஃபோர்சி என்ற மனிதர் காலால் மிதித்து வாசித்தார். மனிதன் வாசித்ததை இயந்திரமாக்கியது ஒரு பாட்டு. இயந்திரத்துக்குக் கால் கொடுக்க மனிதனை அழைத்தது இன்னொன்று. பெர்லினில் போவியுடன் வேலை செய்துகொண்டிருந்த பிரையன் ஈனோ இந்தப் பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன் என்றாராம். நான்காவது இடத்தை இதற்குக் கொடுத்ததற்கு அந்தக் கூற்று காரணமன்று. அவ்வளவு இறுக்கமான ஒழுங்கின் மேல் சம்மரின் குரல் எடையே இல்லாமல் மிதப்பதுதான் காரணம்.

மூன்றாவது, மார்வின் கேயின் "வாட்ஸ் கோயிங் ஆன்" (1971). தற்செயல்களால் மட்டுமே கட்டப்பட்ட ஒரு மாளிகை உண்டென்றால் அது இதுதான். ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சன், 1969இல் பெர்க்லியில் போராட்டக்காரர்களைக் காவலர்கள் தாக்கியதைக் கண்ணால் கண்டு, இங்கே என்னதான் நடக்கிறது என்ற கேள்வியிலிருந்து பாடலைத் தொடங்கினார். அவருடைய குழுவினர் அதைப் பாட மறுத்தார்கள். அல் கிளீவ்லண்டின் கையும் கேயின் கையும் சேர்ந்த பிறகு பாடல் முழுமையடைந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பியிடம் கேட்ட கதைகளும் அதற்குள் இறங்கியிருக்கின்றன. பதிவுக்கு வந்த சாக்ஸபோன்காரர் ஈலை ஃபான்டெய்ன், வாத்தியத்தைச் சூடேற்றிக்கொள்வதற்காக எதையோ வாசித்துப் பார்த்தார். கேய் அது போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. இன்றும் பாடல் தொடங்குவது அந்த விளையாட்டில்தான். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாத அளவு குடித்திருந்ததால் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார். அந்த நிலையில் அவர் வாசித்ததை நிதானமாக நாற்காலியில் அமர்ந்து வாசிக்க முயன்று தோற்றவர்கள் ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த இரட்டைக் குரல். கேய் இரண்டு விதமாகப் பாடிப் பதிந்துவிட்டு, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒலிப்பதிவாளரிடம் கேட்டார். அவர் தவறுதலாக இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுவிட்டார். கேய் தனக்குத் தானே துணைக்குரலாக, தன்னோடு தானே உரையாடுபவராக நிற்பதைக் கேட்டதும் அதுவே அவருடைய பாணி ஆகிவிட்டது. நிறுவனத் தலைவர் பெரி கோர்டிக்குப் பாடல் பிடிக்கவில்லை; வெளியிட மனமில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது. வெளிவந்த பிறகு அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாவது இடம்வரை போயிற்று. தொடக்கத்தில் சிலர் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் பேச்சொலி கேட்கும் அல்லவா, அதில் இருவர் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். இவ்வளவு பாரமான பாடல் நண்பர்களின் அரட்டையோடு தொடங்குவதால்தான் அது உபதேசமாகிவிடாமல் தப்பிக்கிறது.

இரண்டாவது இடம் பில் விதர்ஸுக்கு. "எயின்ட் நோ சன்ஷைன்" (1971) ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கடற்படையில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த விதர்ஸ், அப்போது விமானங்களுக்கான கழிப்பறைகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பாட்டுத்தொழில் இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இராது என்ற எண்ணத்தில், இசைத்தட்டு வெளிவந்த பிறகும் வேலையை உடனே விட்டுவிடவில்லை. முதல் இசைத்தொகுப்பின் அட்டையிலேயே கையில் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் நிற்கிறார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், கிட்டாரில் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், சுற்றிலும் அனுபவசாலிகள்.

பாடலின் நடுவில் ஒரு சரணத்துக்கு அவர் இன்னும் வரிகள் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப "எனக்குத் தெரியும்" என்று பொருள்படும் இரண்டு சொற்களையே திரும்பத் திரும்பப் பாடி வைத்தார், மொத்தம் 26 முறை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அப்படியே விட்டுவிடு என்று மற்றவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலைத் தொழிலாளியான நான் அவர்களை எதிர்த்துப் பேச யார் என்று அவரும் விட்டுவிட்டார். உலகில் யார் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல சரணம் எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு. அவளை விட்டுவிடு என்று சுற்றியுள்ளவர்கள் அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தெரியும், தெரியும், தெரியும் என்று அவனும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். தெரிந்தும் பயனில்லை என்பதை அந்த இருபத்தாறில் எந்த இடத்திலோ நாமும் உணர்ந்துவிடுகிறோம். வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, குரலும் தாளமும் மட்டும் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் மூச்சு வாங்கும் இடம்கூட அமைந்திருக்கிறது. பத்தொன்பதையோ இருபதையோ நெருங்கும்போது என் மூச்சும் முட்டும். இந்தப் பாட்டு பத்து லட்சம் விற்றதற்காக நிறுவனம் அவருக்குத் தங்கநிறக் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பரிசளித்தது. 1985க்குப் பிறகு இசைத்தட்டே வெளியிடாமல் நிம்மதியாக ஒதுங்கி வாழ்ந்து, 2020இல் மறைந்தார்.

முதல் இடத்தில் டென் சிசி குழுவின் "ஐம் நாட் இன் லவ்" (1975). காதலிக்கவில்லை என்று ஒருவன் ஆறு நிமிடங்களுக்கு மேல் சாதிக்கும் பாடல். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கேயுள்ள கறையை மறைக்கத்தான் என்கிறான். பழிப்பது போலப் புகழ்வதற்கு நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் இருக்கிறது. மறுப்பது போலக் காதலைச் சொல்வதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கலாம். எரிக் ஸ்டூவர்ட்டின் மனைவி, நீங்கள் என்னிடம் காதலிப்பதாகச் சொல்வதே இல்லையே என்று குறைப்பட்டதிலிருந்து பிறந்த பாட்டு இது. அதையே அடிக்கடி சொன்னால் அந்தச் சொல்லின் பொருள் தேய்ந்துவிடும் என்று நினைத்த அவர், அதைச் சொல்லாமலே சொல்ல வழி தேடினார்.

ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மனும் முதலில் இதைப் பிரேசில் நாட்டுப் போசா நோவா நடையில் பதிந்து பார்த்தார்கள். குழுவில் யாருக்கும் பிடிக்கவில்லை. பதிவையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் அதன் மெட்டை ஸ்டாக்போர்ட்டில் இருந்த அவர்களுடைய ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் கெவின் காட்லி, வாத்தியங்களே வேண்டாம், முழுக்கக் குரல்களாலேயே செய்து பார்ப்போம் என்றார். லால் கிரீம் நாடா வளையங்களைப் பயன்படுத்தலாம் என்றார். கோல்ட்மன், காட்லி, கிரீம் மூவரும் ஒரு மைக்கைச் சுற்றி நின்று ஒரே ஸ்வரத்தில் "ஆ" என்று பதினாறு முறை பாட, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. ஒரு ஸ்தாயியின் எல்லா ஸ்வரஸ்தானங்களுக்கும் மேல் ஸ்தாயித் தொடக்கத்துக்கும் இதையே செய்ததில் மொத்தம் 624 குரல்கள். மூன்று வாரங்கள் இதற்கே போயின. பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீண்ட வளையமாக்கி, ஒலிக்கலவை மேசையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒன்றாக வைத்தார்கள். மேசைதான் இப்போது வாத்தியம்: நால்வரும் ஆளுக்குச் சில நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு, கார்டு மாறும்போதெல்லாம் இதை ஏற்றி அதை இறக்கி, கைகளால் ஒரு குழுக்குரலை வாசித்தார்கள்.

இதில் ஒரு சிறு தகவல்தான் இந்தப் பாட்டை எனக்கு முதலிடத்தில் வைக்கிறது. நெம்புகோல்களை முழுவதுமாக இறக்கிவிட முடியாதபடி அவற்றின் அடியில் ஒட்டுநாடாத் துண்டுகளை வைத்தார்கள். எனவே எந்தக் குரலும் ஒருபோதும் முழுமையாக அடங்குவதில்லை; வேண்டிய ஸ்வரங்கள் மேலே ஒலிக்கும்போதும் வேண்டாத ஸ்வரங்கள் அத்தனையும் அடியில் பனிமூட்டம் போல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கின்றன. சங்கீத முறைப்படி அது அபசுரம். காதலிக்கவில்லை என்று மேலே பாடிக்கொண்டிருப்பவனுக்கு அடியில், அவன் அடக்கி வைத்த அனைத்தும் அடங்காமல் இருக்கின்றன.

நடுவில் ஒரு பெண்குரல், அழக்கூடாது என்று தேற்றுவது போலக் கிசுகிசுக்கும். அண்ணனின் ஒலிநாடாவில் முதன்முதலில் கேட்டபோது, பதிவு நடந்துகொண்டிருக்கும்போது யாரோ தெரியாமல் அறைக்குள் வந்து பேசிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: நான் நினைத்தது பெருமளவு சரி. அந்த இடத்தில் ஏதேனும் பேச்சு வேண்டும் என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அலுவலக வரவேற்பாளர் கதவைத் திறந்து, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு என்று ஸ்டூவர்ட்டிடம் கிசுகிசுத்தார். இதுதான் அந்தக் குரல் என்றார் கிரீம். பாடகியாகும் எண்ணமே இல்லாதிருந்த அந்தப் பெண்ணை மிகவும் வற்புறுத்தித்தான் மைக் முன் நிறுத்த வேண்டியிருந்ததாம்.

அந்த ஒலிநாடாவில் பாடல் நான்கு நிமிடங்களைத் தாண்டியதும் ஒரு சொல்லின் நடுவில் அறுந்துவிடும். எனக்கு அதுவே முடிவாக இருந்தது. திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு வெளியேறுகிறவனைப் போல அது பொருத்தமாகவும் இருந்தது. முழுப் பாட்டும் கைக்குக் கிடைத்தபோது, அதற்குப் பின் இரண்டு நிமிடங்கள் இருக்கின்றன, அந்தக் குரல் மூட்டம் அவசரமே இல்லாமல் சிறிது சிறிதாகக் கலைந்து போகிறது என்பதைக் கண்டு, உடனே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று கேட்டேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று.

"அதுக்கு மேல நாடா இல்லடா," என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "எப்படி முடியுது? வை, கேப்போம்," என்றார். தொலைபேசியை ஒலிபெருக்கியின் பக்கம் பிடித்துக்கொண்டு, அறுந்த இடத்திலிருந்து போட்டேன்.